பதினைந்து நாள் அலமாரி

அன்புள்ள சேகருக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல நாலு வரி போதாது. அதனால்தான் போனில் பேசாமல் பேப்பரை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவன். கையால் எழுதிய இத்தனை பக்கத்தைப் பார்த்ததும் உனக்குக் கொட்டாவி வரும். வந்தால் வரட்டும், கடைசிவரை படி.

போன மாதம் வந்தபோது நீ, எங்கள் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம், பழைய மாணவர்கள் சேர்ந்து என்னைத்தான் தொகுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கனடாவுக்குக் கிளம்புவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும், முப்பது வருஷம் அந்த ஆபீசில் இருந்தவர் நீங்கள்தான், தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாய். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே ஒரு குயர் வெள்ளைத்தாள் வாங்கி வந்துவிட்டேன். மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். கட்டடம், மணிக்கூண்டு, மைதானம் என்று எங்கே தொடங்கினாலும் ஆபீஸ் அறையின் மூலையில் இருந்த ஒரு தேக்கு அலமாரியில் போய் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி ஒரு வரி எழுத என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நடந்தது உனக்கு மறந்திருக்காது. உனக்காக வஞ்சிரம் வேண்டும் என்று உன் அம்மா விடியற்காலையிலேயே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலத்தில் நின்று, நாலு பேரோடு சண்டை போட்டு வாங்கி வந்திருந்தாள். நீ பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. கிளம்புகிற தேதியைச் சொன்னாய். போவதற்கு முன் இன்னொரு முறை புதுச்சேரிக்கு வர நேரமிருக்காது, போனிலேயே சொல்லிக்கொள்கிறேன் என்றாய். அவள் உடனே, "அதுக்கு இன்னாடா, நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன். கொழந்தயயும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க எதுக்கும்மா வரணும்? வரச் சொன்னப்ப வரல. சனிக்கிழம முழுக்க கேட்டாண்ட நின்னேன். இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டாய்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. இருபத்தாறு வருஷமாக நீ அவளிடம் ஏன் அளந்து அளந்து பேசுகிறாய், பொங்கலுக்கு வந்தால் ஏன் மறுநாளே பஸ் பிடிக்கிறாய் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நீ போன பிறகு அவள் என்னைக் கேட்டாள். "எந்த கேட்டுயா? நான் அவன எப்ப நிக்க வெச்சேன்?" எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரிந்தே சொன்ன பொய்.

அதோடு போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் மென்று முழுங்கியிருப்பேன். போகவில்லை. அவள் மூன்று வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். மீன் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரியிடம் கேட்டிருக்கிறாள். தன் தம்பியிடம் கேட்டிருக்கிறாள். போன புதன்கிழமை என்னை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். முட்டிவலிக்காக என்று நினைத்துப் போனேன். உள்ளே போய், "டாக்டர், எனக்கு மறதி வந்துடுச்சான்னு பாருங்க. எம்புள்ள வரச் சொல்லி நான் போவாம இருந்திருக்கேன். அது எனக்கு ஞாபகமே இல்ல. பெத்தவளுக்கு இது மறக்குமா?" என்று கேட்டாள். ஒரு வாரத்து வியாபாரக் கணக்கைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறவள் அவள். அவளுக்கு மறதி என்றால் ஊரில் யாருக்கும் நினைவு இல்லை என்று அர்த்தம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சிரித்துவிட்டு ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் பொய்க்காக அவள் மாத்திரை சாப்பிடுகிறாள், சேகர். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, புரிவதற்காகச் சொல்கிறேன். உன் தாத்தா மேரியில் பியூனாக இருந்தார். நகராட்சி ஆபீசை அப்போது நாங்கள் எல்லோரும் மேரி என்றுதான் சொல்வோம். தன் பையன் அங்கே நாற்காலியில் உட்கார வேண்டும் என்று என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். வகுப்பில் நான்தான் முதல். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது எனக்குப் பதினைந்து வயது. எல்லோரும் மிட்டாய் சாப்பிட்டோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷமே எங்கே வேலை கேட்டுப் போனாலும் இங்கிலீஷ் தெரியுமா என்றார்கள். பத்து வருஷம் உருப்போட்டது ஒன்றுக்கும் உதவவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் கப்பல் ஏறினார்கள். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. மறுபடி அரிச்சுவடியிலிருந்து இங்கிலீஷ் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, இருபத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. என் மகன் என்னைப்போலத் தவறான பஸ்ஸில் ஏறி உட்காரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நீ அப்போது பிறக்கவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் எந்தச் சட்டத்தையும் நான் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் எங்கே வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயம் கடைசிவரை போகவில்லை.

இனி நீ கேட்ட வரலாறு. உங்கள் புத்தகத்தில் போடுவதற்கு ஏற்றமாதிரி இருக்காது, ஆனால் நிஜம். மைதானத்துக்கு மேலே இருக்கிற நீளக் கட்டடம் முதலில் பள்ளிக்கூடமே இல்லை. கீழே சமவெளியில் காய்ச்சல் கண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேறுவதற்காகக் கட்டிய பாசறை. அதனால்தான் நீங்கள் தூங்கிய டார்மிட்டரியில் ஜன்னல்கள் அவ்வளவு உயரம். கல்லை எல்லாம் கீழேயிருந்து சுமந்தவர்கள் நம் ஆட்கள், அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பாசறை காலியானபின் ஒரு ஓய்வுபெற்ற கேப்டன் அதை வாங்கிப் பள்ளிக்கூடமாக்கினார். ரயில்வே கார்டுகள், தந்தி ஆபீஸ்காரர்கள், எஸ்டேட் துரைமார்கள், பர்மாவிலும் மலாயாவிலும் வேலை பார்த்தவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் படித்தார்கள். நம்மைப்போன்றவர்கள் அந்த வாசலுக்குள் போனது வெகுகாலம் சமையல்கட்டு வழியாகத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட, எஸ்டேட் மேனேஜர்களும் கோயம்புத்தூர் மில்காரர்களும் துபாயில் வேலை பார்க்கிறவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் போய்விட்டார்கள், சட்டங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அதில் ஒரு சட்டம் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். சர்ச்சுக்குப் போகிறவர்கள் போய் வந்தபின், பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். உறையை ஒட்டக் கூடாது. ஆபீசில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இங்கிலீஷ் கடிதங்களை, விடுதியைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் படிப்பாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் தமிழ்க் கடிதங்கள் என் மேஜைக்கு வரும். பையன் சந்தோஷமாக இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று கடிதத்தில் இருந்தால் அதை அனுப்பக் கூடாது, அந்தத் தேக்கு அலமாரியில் பதினைந்து நாள் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த கிளார்க் இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார். பதினைந்து நாளுக்குப் பிறகு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே போன கடிதம் உள்ளேயே இருக்கும், அவ்வளவுதான்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தக் கடிதங்களைப் படித்துப் பல நாள் சிரித்திருக்கிறேன். ஈரோட்டுப் பையன் ஒருவன் தன் வீட்டு நாய்க்கு மட்டும்தான் கடிதம் எழுதுவான், அம்மாவுக்குக் கடைசியில் ஒரு வரி. இன்னொருவன் வாராவாரம் முறுக்கு அனுப்பு என்று எழுதிவிட்டு, பக்கத்துப் பையனுக்குத் தெரியாமல் அனுப்பு என்று அடிக்கோடு போடுவான். அழுகிற கடிதங்களும் வரும். முதல் வருஷம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பேன். மூன்றாம் வருஷம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதை எழுதும்போது இப்போதுதான் உறைக்கிறது. அழுகிற பையனே அடுத்த மாதம் கோல் போட்டுவிட்டுக் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சட்டம் சரி என்றுதான் நம்பினேன்.

நீ ஒன்பது வயதில் வந்தாய். ஊழியர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை. உன் அம்மாவுக்கு உன்னை அனுப்ப இஷ்டமே இல்லை, இது உனக்குத் தெரியாது. அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்தார், மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு அவளால் மலைக்கு வந்து இருக்க முடியாது. "ஒனக்கு இங்கிலீசு வேணும்னா நீ படிச்சுக்கோ, எம்புள்ளய எதுக்கு இழுத்துகினு போற?" என்று ஒரு வாரம் சமைக்காமல் கிடந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றாள். பெற்றோர் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரலாம், சட்டம் என்று அவள் வாயை அடைத்தவன் நான்.

அங்கே ஊழியர் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தவிர எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் வரக் கூடாது. பெற்றவர்களை விட்டு வந்த மற்றப் பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த நியாயத்தை ஒன்பது வயதுப் பையனுக்கு யார் விளக்குவது? நான் விளக்கவில்லை. இனிமேல் இங்கே என்னை சார் என்று கூப்பிடு என்று மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போது, ஏதோ டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்கிறமாதிரிச் சொன்னேன்.

ஜூன் மாதம். மழையில் வராந்தா வழுக்கி நீ விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய். நேராக ஆபீசுக்கு ஓடி வந்தாய். நான் பிரின்சிபாலோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். நீ "அப்பா" என்று கத்திக்கொண்டு வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். என் வேட்டியிலே ரத்தம் பட்டது. பிரின்சிபால் புருவத்தைத் தூக்கினார். அவர் புருவத்துக்காக நான் உன் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். "மேட்ரன்கிட்ட போ. சார்னு கூப்பிடணும்னு சொன்னேன்ல?" என்றேன். நீ அழுகையை அப்படியே நிறுத்தினாய். "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போனாய். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு நாள்கூட மறந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கடிதம் என் மேஜைக்கு வந்தது. வரிக்கு வரி சொல்கிறேன், சரியா என்று பார். "அம்மா, என்ன கூட்டிகினு போ. இங்க அப்பா அப்பா மாதிரி இல்ல. எனக்கு முட்டில அடி. வர சனிக்கிழம லீவு. நான் காலைலேந்து கேட்டாண்ட நிப்பேன். நீ வந்தா நான் யார்கிட்டயும் சொல்லாம வந்துடுவேன். மீன் வேணாம், நீ மட்டும் வா."

சட்டப்படிதான் அதை அலமாரியில் வைத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வேறு எந்தப் பையன் அதை எழுதியிருந்தாலும் சட்டப்படி வைத்திருப்பேன். நீ எழுதியதை வைத்தது வெட்கத்தால். அப்பா அப்பா மாதிரி இல்லை என்ற வரியை உன் அம்மா படிக்கக் கூடாது. படித்தால் அன்றைக்கு ராத்திரியே பஸ் ஏறியிருப்பாள், பிரின்சிபாலையும் விட்டிருக்க மாட்டாள், என்னையும் விட்டிருக்க மாட்டாள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை நிற்க வைத்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே நீ கேட்டுக்குப் போய்விட்டாய். மழை இல்லை, பனிமூட்டம். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக நீ தெரிவாய். வாட்ச்மேன் வந்து என்னிடம் சொன்னான், "சார், தம்பி உள்ள போவ மாட்டேங்குது. எங்கம்மா வருவாங்கன்னு சொல்லுது." இருக்கட்டும், தானாகப் போய்விடுவான் என்றேன். பஸ் வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. எனக்கும் உனக்கும் நடுவே நாற்பது அடி இருக்குமா? எழுந்து வந்து, உன் பக்கத்தில் நின்று, அம்மாவுக்கு உன் கடிதம் போகவில்லைடா, நான்தான் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அன்றைக்கு முழுக்க டைப் அடித்தேன். சாயங்கால மணி அடித்ததும் நீ திரும்பி உள்ளே போனாய். என் ஜன்னலைப் பார்க்கவே இல்லை.

அந்த வாரம் கடிதம் வரவில்லையே, பிள்ளைக்கு என்ன என்று உன் அம்மா எனக்குக் கார்டு போட்டாள். பரீட்சை என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் எல்லாம் ஒரேமாதிரி ஆகிவிட்டன. நான் நலம், நன்றாகப் படிக்கிறேன், இப்படிக்கு சேகர். டிசம்பர் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அவளை நீங்க, வாங்க என்று கூப்பிட ஆரம்பித்தாய். அவளுக்கு ஒரே பெருமை. "மல ஸ்கூல்ல போட்டதுல புள்ள இன்னாமா மரியாத கத்துகினு வந்துகிறான் பாரு" என்று மார்க்கெட் பூராவும் சொன்னாள். நீ அவள் பக்கத்தில் படுக்காமல் மாமாவோடு போய்ப் படுத்துக்கொண்டாய். பையன் பெரியவனாகிவிட்டான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டாள். எனக்கு அர்த்தம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அவள் உன்னைக் கைவிட்டதாக நீ நினைக்கிறாய் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என்மேல்தான் கோபம், ஆறிவிடும் என்று நினைத்தேன். நீயோ என்னை மன்னித்துவிட்டு அவளை மன்னிக்காமல் இருந்திருக்கிறாய். இது எவ்வளவு பெரிய அநியாயம் பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் புதுப் பிரின்சிபால் ஒருவர் வந்தார், சின்ன வயசு. பிள்ளைகளின் கடிதத்தைப் பெரியவர்கள் படிப்பதா என்று அந்த வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினார். அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். கட்டுக் கட்டாக இருந்தது. வெந்நீர் பாய்லரில் போட்டு எரித்தோம். உன்னுடையதும் அதில் போயிற்று. எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தேன். கூட ஆட்கள் நின்றிருந்தார்கள், போட்டுவிட்டேன்.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய ரிஜிஸ்டர் இருந்தது. முதல் பிரின்சிபாலின் கையெழுத்து. அதில்தான் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று இருந்தது. ஒரு பையன் அழுது எழுதிய கடிதம் ரங்கூனில் இருந்த தாய்க்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அவள் பதறிப்போய்க் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியிருக்கிறாள். வழியில் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. அவள் மலைக்கு வந்து சேர்ந்தபோது பையன் மைதானத்தில் சிரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தானாம். அதைத் தாங்க முடியாமல் அந்த மனிதர் எழுதிய சட்டம் அது. துக்கமான கடிதத்தைப் பதினைந்து நாள் வை. பதினாறாம் நாள் அந்தப் பிள்ளையை உன் அறைக்குக் கூப்பிடு. உட்கார வைத்து டீயும் கேக்கும் கொடு. கடிதத்தை அதன் கையில் கொடுத்து, இதை இன்னும் அனுப்ப வேண்டுமா என்று கேள். வேண்டாம் என்றால் அதுவே கிழித்துப் போடட்டும். வேண்டும் என்றால் அன்றைக்கே அனுப்பு, கூட நீயும் ஒரு கடிதம் எழுது. இதுதான் முழுச் சட்டம். கீழே பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் பெயர், எதிரில் கிழித்தான், அனுப்பினோம் என்று குறிப்பு. கிழித்தவர்கள்தான் அதிகம்.

எப்போது பாதி உதிர்ந்துபோனது என்று தெரியவில்லை. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஒரு பிரின்சிபாலுக்கு நேரம் இருந்திருக்காது, அடுத்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பூட்டுகிற பாதி சுலபம், அதனால் அது நின்றது. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிற பாதி போய்விட்டது. முழுச் சட்டம் தெரிந்திருந்தால் பதினாறாம் நாள் உன்னைக் கூப்பிட்டிருப்பேனா? கூப்பிட்டிருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

உன் புத்தகத்தில் இதைப் போடு. மணிக்கூண்டையும் கோப்பைகளையும் போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த முதல் பிரின்சிபால் நல்ல மனிதர், அதையும் எழுது. அவரை வெள்ளைக்காரன் என்று ஒரேயடியாகத் திட்டிவிடாதே, எங்களை அடிமைகள் என்று ஒரேயடியாகப் பரிதாபப்படாதே. கடைசியில் அலமாரியைப் பூட்டியது நம் கைதான். என் பெயரையும் போடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. உனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், குளிர். முதல் மாதம் அழுவாள். அவள் அழுதால் நீ வேலையை விட்டு எழுந்து போ. அது நியாயமா, ஒழுங்கா, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உன் அம்மா உன்னிடம் வராமல் இருந்ததே இல்லை, சேகர். அவளைக் கூப்பிட்ட சத்தம் அவள் காதுக்குப் போகவில்லை. போகவிடாமல் செய்தவன் நான். கனடாவுக்குப் போவதற்கு முன் அவளை வந்து பார். இதைத்தான் கேட்கிறேன்.

மேலே உள்ளதை எல்லாம் நேற்று எழுதி முடித்தேன். இன்று காலை உறையில் போடும்போது, அவளுக்குத் தெரியாமல் இதை அனுப்பினால் நான் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்கிறேன் என்று தோன்றியது. அவளிடம் கொடுத்தேன். மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, ஒவ்வொரு பக்கத்துக்கும் வெகுநேரம் ஆயிற்று. நடுவில் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்தாள். "அன்னிக்கு ஸ்வெட்டர் போட்டுகினு இருந்தானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி குனிந்து படித்தாள்.

முடித்தபின் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப எனக்கு மறதி இல்ல" என்றாள். பிறகு, "எனக்கு வந்த லெட்டருயா அது. எனக்கு வந்தது" என்று இரண்டு தடவை சொன்னாள். அழுதாள். நான் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நான் தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். "எங்க எடுத்துகினு போற? இங்க குடு. உன்ன நம்பி இனிமே ஒரு லெட்டரும் குடுக்க முடியாது" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீ வராத. அவன் என்னத்தான் வரச் சொன்னான்" என்றாள்.

இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அவளிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி எழுதுகிறேன். காலாப்பட்டு வழியாகப் போகிற சென்னை பஸ் பத்தரைக்கு. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், சீக்கிரம் முடிய்யா என்று சத்தம் போடுகிறாள். திருவான்மியூரில் இறங்கி உன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்வாளாம். ஆகவே நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள்.

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதலில் அவளுக்குச் சோறு போடு. என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

அப்பா